மெரினா மச்சான்ஸின் கதையை இப்போதே எழுதி வையுங்கள்: சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் எஃப்.சி. உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஆட்ட நாளில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கட்டும்வரை கத்துகிறவர்களில் நானும் ஒருவன். புது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்றோ, பயிற்சியாளரை மாற்றுங்கள் என்றோ கேட்க இதை எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். மெரினா மச்சான்ஸ் என்று நாம் செல்லமாக அழைக்கும் நம் கால்பந்து கிளப்பின் வரலாற்றை முறையாக எழுதுங்கள். அதற்கான பொருட்களைத் திரட்டிச் சென்னையில் ஓர் இடத்தில் வையுங்கள். இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

2014-ல் பிறந்த கிளப்புக்கு அதற்குள் என்ன வரலாறு என்று சிலர் கேட்கக்கூடும். மோகன் பகான் 1889-ல் தொடங்கியது, ஈஸ்ட் பெங்கால் 1920-ல். அவற்றோடு வைத்துப் பார்த்தால் நாம் குழந்தைதான். ஆனால் நம்மோடு பிறந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். நாம் ஆடும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) எட்டு அணிகளோடு தொடங்கியது. அதில் புனே சிட்டி 2019-ல் கலைந்தது. டெல்லி டைனமோஸ் அதே ஆண்டு புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. முதல் கோப்பையை வென்ற அட்லெடிகோ டி கொல்கத்தா, ஏ.டி.கே. என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு, 2020-ல் மோகன் பகானோடு சேர்ந்துவிட்டது. புனேயின் இடத்துக்கு வந்த ஹைதராபாத் எஃப்.சி. 2021-22 சீசனில் சாம்பியன். அந்த அணியும் 2025-ல் டெல்லிக்குப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டது. அந்த ஊர் ரசிகர்கள் இப்போது யாருக்காகக் கத்துவார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன், நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு 2018-19 ஐ-லீக் (ஐ.எஸ்.எல்.லுக்கு இணையாக நடந்த இன்னொரு தேசிய லீக்) கோப்பையை வென்றது. கடைசி நாளில் மினர்வா பஞ்சாபுக்கு எதிராக ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்து ஈஸ்ட் பெங்காலைத் தாண்டியது. பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் அணி ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை. சில ஆண்டுகளுக்குள் அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. அன்றைக்குக் கோவை ஸ்டேடியத்தில் இருந்த ஒரு சிறுவன் நாளைக்குத் தன் பிள்ளைக்கு எதைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வான்?

நம் கிளப்புக்கு அப்படி ஏதாவது நடந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2025-ல் நாங்கள் பயந்தது உண்மை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 டிசம்பரில் போட்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் முடியப் போகிறது, அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது, லீக் நிற்கிறது என்ற நிலையில், கிளப்பின் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக ஆகஸ்டில் அறிவித்தீர்கள். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. லீக் இல்லாமல் சம்பளம் எங்கிருந்து வரும்? பிறகு 2026 பிப்ரவரியில் சுருக்கப்பட்ட சீசன் தொடங்கியது, பந்து மறுபடி உருண்டது. ஆனால் இடைப்பட்ட அந்த மாதங்களில் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது இதுதான்: இந்த கிளப் நாளைக்கு இல்லையென்றால், அது இருந்ததற்குச் சென்னையில் என்ன சாட்சி?

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் பெரிய தருணங்களில் பல இந்த ஊரில் நடக்கவே இல்லை.

2015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லீக் சுற்றின் பிற்பகுதியில் நாம் அட்டவணையின் அடியில் கிடந்தோம். அங்கிருந்து வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தோம். அப்போதுதான் டிசம்பர் மழை. ஊரே தண்ணீரில். அடையாறு கரை தாண்டியது, வீட்டு மொட்டை மாடியில் மக்கள் நின்றார்கள், விமான நிலையம் மூடிக் கிடந்தது. கொல்கத்தாவுக்கு எதிரான நம் சொந்த மைதான அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊர்க் கூட்டம் இல்லாத ஒரு 'சொந்த' ஆட்டத்தில் நாம் 3-0 என்று வென்றோம். பெலிசாரி, ஜேஜே, மென்டோசா ஆளுக்கு ஒரு கோல். கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கணக்கில் 4-2. சென்னையில் பல வீடுகளில் அப்போது மின்சாரமே முழுசாகத் திரும்பியிருக்கவில்லை. அந்த அரையிறுதியை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அந்த அணிக்குள் இருந்தவர்கள், தங்கள் ஊர் மூழ்கிக் கிடக்கும்போது வேறு ஊரில் எந்த மனநிலையோடு விளையாடினார்கள்? இதை அவர்கள் வாயால் கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது. எல்லோரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

டிசம்பர் 20, ஃபடோர்டாவில் ஃபைனல். கோவாவின் சொந்த மைதானம், கோவாவின் கூட்டம். 87-வது நிமிடத்தில் ஜோஃப்ரே கோல் போட்டுக் கோவா 2-1. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டு பந்து உள்ளே போனது. காயங்களுக்காகச் சேர்த்த நேரத்தில் மென்டோசா அடித்தார். 3-2. அந்த சீசனில் அவருக்கு அது 13-வது கோல், தங்கக் காலணியும் அவருக்கே. வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த ஊருக்கு அந்தக் கோப்பை ஒன்றும் வீடு கட்டித் தரவில்லைதான். ஆனால் அந்த டிசம்பரில் சென்னைக்கு வந்த நல்ல செய்திகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இதுவும் ஒன்று.

2018 மார்ச் 17 ஃபைனலும் அப்படித்தான். ஆட்டம் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில். அந்த சீசன் லீக் சுற்றில் பெங்களூருதான் முதலிடம், மற்ற எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்ட அணி. 9-வது நிமிடத்தில் உதாந்தா வலது பக்கம் ஓடிப் போய் கொடுத்த கிராஸை சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் உள்ளே தள்ளினார். ஸ்டேடியம் அதிர்ந்தது. எட்டு நிமிடம் கழித்து நமக்கு ஒரு கார்னர். கிரெகரி நெல்சன் அடிக்கிறார், மைல்சன் ஆல்வெஸ் எழும்பி முட்டுகிறார், 1-1. 45-வது நிமிடத்தில் இன்னொரு கார்னர், அதே நெல்சன், அதே மைல்சன், அதே தலை. தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஃபைனலில் இரண்டு ஹெட்டர்! 67-வது நிமிடத்தில் ரஃபேல் அகுஸ்டோ பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த பந்து 3-1 ஆக்கியது. கடைசியில் பெங்களூருவின் மிக்கு ஒன்றைத் திருப்பினாலும் நேரம் முடிந்துவிட்டது. அந்த இரண்டு கார்னர்களையும் பயிற்சியில் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பார்கள், பெங்களூருவின் தடுப்பில் எந்த ஓட்டையை நம் பயிற்சியாளர் ஜான் கிரெகரியும் அவர் குழுவும் கண்டுபிடித்திருந்தார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. ஒளிபரப்பில் இருப்பது கோல் மட்டும்தானே. அந்தக் கோலுக்குப் பின்னால் இருந்த வாரம் உங்கள் ஆட்களின் நினைவில்தான் இருக்கிறது.

2020 மார்ச் 14 ஃபைனலும் கோவாவில்தான், அதுவும் கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத காலி ஸ்டேடியத்தில். 3-1 என்று ஏ.டி.கே.யிடம் தோற்றோம். ஆக, மூன்று ஐ.எஸ்.எல். ஃபைனல் ஆடியிருக்கிறோம், மூன்றுமே வெளியூரில். ஆசிய கிளப்களுக்கான 2019 ஏ.எஃப்.சி. கோப்பையில் நம் 'சொந்த' மைதானம் அகமதாபாத். கொரோனா கால சீசன்கள் முழுக்க கோவாவில் பூட்டிய கதவுக்குள். தன் கிளப்பின் பெரிய நாட்களைச் சென்னை பெரும்பாலும் டி.வி.யில்தான் பார்த்திருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், நினைவாவது இங்கே இருக்கட்டும்.

இந்த ஊரிலேயே நடந்த பெரிய ஆட்டம் என்றால் எனக்கு முதலில் வருவது 2014 அரையிறுதி. முதல் சீசனிலேயே லீக் சுற்றில் முதலிடம். மார்க்கோ மட்டெராஸி பயிற்சியாளர், தானே ஆடவும் செய்தார். 2006-ல் இத்தாலிக்காக உலகக் கோப்பை வென்ற மனிதர், அதே அணியில் இருந்த அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவையும் சென்னைக்கு வரவழைத்தார். எலானோ 8 கோலோடு லீக்கிலேயே அதிகம். இவ்வளவு இருந்தும் கொச்சியில் 0-3 என்று கேரளாவிடம் விழுந்தோம். திரும்ப இங்கே வந்து 90 நிமிடத்துக்குள் அந்த மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தோம். கூடுதல் நேரத்தில், 117-வது நிமிடத்தில், கேரளாவின் பியர்சன் அடித்த கோலில் எல்லாம் போனது. தோற்ற ஆட்டம்தான். ஆனாலும் நேரு ஸ்டேடியத்தில் அன்று இருந்தவர்களில் பலர் அதற்கப்புறம் இந்த அணியை விடவில்லை. என்னைக் கேட்டால் நம் கிளப் உண்மையில் பிறந்தது அந்த இரவில்.

இப்படிச் சொல்லும்போதே ஒன்றையும் வேண்டிக்கொள்கிறேன். எழுதும்போது தோல்விகளை விட்டுவிடாதீர்கள். கோப்பை வென்ற அடுத்த சீசனில், 2018-19-ல், 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு கடைசி இடத்தில் முடித்தோம். அந்த சரிவு எப்படி நடந்தது? அதே அணிக்கு 2019 டிசம்பரில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்து, கீழேயிருந்து இழுத்து ஃபைனல் வரை கொண்டுபோனது எப்படி? வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்தார், சரி, அது எண்ணிக்கை. அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று அடித்துவிட்டு, அங்கே 2-4 என்று தோற்று, 6-5 என்று தப்பித்தோமே, அந்த இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பெஞ்சில் என்ன பேசிக்கொண்டார்கள்? கடைசி இடமும் ஃபைனலும் அடுத்தடுத்த சீசன்களில் வந்த கிளப் நம்முடையது. ஒன்றை மறைத்தால் இன்னொன்றின் மதிப்பு புரியாது. அப்புறம் 2024-25-ல் 11-வது இடம். அதுவும் நம் கதைதான்.

ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேஜே லால்பெக்லுவா மிசோரத்திலிருந்து வந்தார், முதல் சீசனிலிருந்தே நம்முடையவர், இரண்டு கோப்பையிலும் இருந்தார். 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக இரண்டு கோல். இன்று அவர் மிசோரம் சட்டமன்ற உறுப்பினர். அனிருத் தாபா டேராடூனிலிருந்து 18 வயதில் வந்து, இங்கேயே வளர்ந்து கேப்டனாகி, 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். ஜெர்ரி லால்ரின்சுவாலாவும் விடலைப் பையனாக வந்து இடது பின்வரிசையை ஆண்டுக்கணக்கில் காத்தவர். இவர்களுக்கெல்லாம் சென்னை இரண்டாவது ஊர். மெரினா மச்சான்ஸ் என்று நாம் சொல்லிக்கொள்வதில் மிசோரத்துக்கும் உத்தராகண்டுக்கும் பங்கு இருக்கிறது. அது எழுத்தில் வர வேண்டும்.

தன்பால் கணேஷுக்கு ஒரு தனி அத்தியாயமே வேண்டும். வியாசர்பாடிப் பையன். அதே 2018 அரையிறுதியில் ஜேஜேவின் இரண்டு கோலுக்கு நடுவே தலையால் முட்டி ஒன்றைப் போட்டவர் அவர்தான். பிறகு முழங்கால் காயம் அவரை அடுத்த சீசன் முழுக்க வெளியே உட்கார வைத்தது. வட சென்னையில் கால்பந்து என்பது நீங்கள் 2014-ல் கொண்டுவந்த பொருள் இல்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக, வெறுங்காலோடு, மண் தரையில், சந்து முனையில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீலச் சட்டை போட்டு அந்த மண்ணிலிருந்து ஒருவர் ஃபைனல் வரை போனது அந்தத் தெருக்களில் என்ன செய்தது என்பதை யாராவது போய்க் கேட்டு எழுத வேண்டாமா? இதோடு சேர்த்து ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த கோலைக் கொல்கத்தாவே கொண்டாடியது. அவர் பெயர் வாங்கியது டெல்லிக்கும் ஒடிசாவுக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடி. நம் சட்டையில் அவரைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஏன் என்ற கேள்விக்கும் வரலாற்றில் இடம் கொடுங்கள். அடுத்த நந்தகுமாரை நாம் கவனிக்க அது உதவும்.

இன்னும் பின்னால் போனால், சையத் சபீர் பாஷா இருக்கிறார். இந்தியன் வங்கிக்காக ஆடியவர், இந்தியாவுக்காக ஆடியவர், 2018 கோப்பை அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர், 2022-ல் பயிற்சியாளர் பண்டோவிச் போனதும் பொறுப்புப் பயிற்சியாளராக நின்றவர். அவர் வழியாக நம் கிளப்புக்கு ஒரு வேர் பழைய மெட்ராஸ் கால்பந்துக்குள் போகிறது. வங்கி, ரயில்வே, சுங்கத் துறை என்று அலுவலக அணிகள் ஆண்ட காலம் அது. காலையில் அலுவலகம், மாலையில் மைதானம். இந்தியன் வங்கி தேசிய கால்பந்து லீகின் முதல் சீசனிலேயே ஆடியது. அந்த அணிகள் இல்லாமல் இருந்திருந்தால் 2014-ல் ஸ்டாண்டை நிரப்ப இந்த ஊரில் ஆட்டம் தெரிந்த கூட்டம் கிடைத்திருக்காது. நம் கதையை 2014 ஏலத்திலிருந்து தொடங்காமல் அவர்களிடமிருந்து தொடங்குங்கள் என்பது என் விருப்பம்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. ஒரு நல்ல பத்திரிகையாளரையோ வரலாற்று ஆய்வாளரையோ இரண்டு ஆண்டுக்கு அமர்த்துங்கள். வீரர்கள், பயிற்சியாளர்கள், பிசியோ, கிட் எடுத்து வைப்பவர், பஸ் ஓட்டியவர், புல்தரையைப் பார்த்துக்கொண்டவர், பந்து பொறுக்கிப் போட்ட பையன்கள், எல்லோரையும் பேச வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளிநாட்டு வீரர்களில் பலர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள், வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் தர மாட்டேன் என்று சொல்லக்கூடியவர்கள் இல்லை. இந்த வேலை தமிழில் நடக்கட்டும், வேண்டுமானால் பிறகு ஆங்கிலத்துக்குப் போகட்டும். நான் தேடியவரை நம் கிளப்பின் முழுக் கதையைத் தமிழில் ஒரே இடத்தில் படிக்க முடியவில்லை. புள்ளிவிவரம் எங்கேயும் கிடைக்கிறது, கதைதான் இல்லை.

அப்புறம் ஓர் அறை. நேரு ஸ்டேடியம் அரசின் சொத்து என்று தெரியும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் பேசினால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு மூலை கிடைத்தாலும் போதும். ஓட்டப் பாதை நடுவில் இருப்பதால் அந்த ஸ்டேடியத்தில் ரசிகனுக்கும் புல்தரைக்கும் எப்போதும் ஒரு தூரம் உண்டு. கோல் போட்ட வீரர் எங்களிடம் வர அந்தப் பாதையைத் தாண்டி ஓடி வர வேண்டும். அந்த அறையிலாவது ஒரு பையன் கோப்பைக்கு அரையடி பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மைல்சனின் சட்டை, மென்டோசாவின் பூட்ஸ் கிடைக்குமானால் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையா, தன்பாலின் பயிற்சிச் சட்டை ஒன்று போதும், வியாசர்பாடியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வருவார்கள்.

ரசிகர்களை வெளியே நிறுத்தாதீர்கள். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று நம் ஆதரவாளர் குழுக்கள் வென்றபோதும் தோற்றபோதும் பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். பெங்களூருக்கும் கொச்சிக்கும் ரயிலேறிப் போனவர்கள். எந்தப் பாட்டு எந்த ஆட்டத்தில் முதலில் வந்தது, எந்தக் கோஷம் யார் போட்டது, எந்த பேனரை யார் வீட்டு மாடியில் விரித்து வரைந்தார்கள் என்று கிளப் அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர்களுக்குத் தெரியும். உரிமையாளர்கள் அபிஷேக் பச்சன், விதா தானி, தோனி ஆகியோரின் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் இருக்கின்றன. ஸ்டாண்டில் டிரம் அடித்தவரின் படம் அவர் நண்பரின் பழைய போனில்தான் இருக்கும். அந்த போன் பழுதானால் அந்தப் படமும் போயிற்று. இந்தச் சேகரிப்பை நடத்த ஒரு குழு அமைத்தால், அதில் ஆதரவாளர் குழுக்களுக்கு இரண்டு இடமாவது கொடுங்கள்.

நாளைக்கு முதலீட்டாளர் மாறலாம், லீகின் பெயர் மாறலாம், ஒப்பந்தம் மாறலாம். யார் வந்தாலும் கிளப்பின் பெயரையும் நிறத்தையும் ஊரையும் தொடுவதற்கு முன்னால் இந்த அறைக்குள் வந்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். புனேவிலும் கோவையிலும் அப்படி ஓர் அறை இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் முடிவெடுப்பவர்கள் எதைக் கலைக்கிறோம் என்று தெரிந்தாவது கலைத்திருப்பார்கள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் தயார். பழைய டிக்கெட், ஸ்கார்ஃப், முதல் சீசன் சட்டை, போனில் எடுத்த நடுங்குகிற வீடியோ என்று ஆளாளுக்கு வீட்டில் ஏதோ ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். எதற்கும் காசு கேட்க மாட்டோம். எந்தத் தேதியில், எந்த இடத்தில், யாரிடம் கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
நேரு ஸ்டேடியத்து ஆதரவாளன் ஒருவன்